ஆய்வு வேண்டாமாம், அரிசிப் பை போதுமாம்

கடந்த ஞாயிறு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் மேடையேறிய பிரமுகர் என்ன பேசினார் என்பதை இங்குள்ளோருக்கு மீண்டும் விளக்க வேண்டியதில்லை. காணொளி எல்லாருடைய புலனத்திலும் (வாட்ஸ்அப்) சுற்றிவிட்டது. சமூக ஆய்வுக்கு அரசாங்கம் கொட்டும் பணத்தில் ஆளுக்கோர் அரிசிப் பை கொடுக்கலாமாம். கைதட்டியவர்களில் என் உறவினர்களும் உண்டு.

நல்லது ஐயா, அந்தப் பை யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? கிளைத் தலைவரின் கைப்பேசியில் உள்ள பெயர்களை வைத்தா?

பால்மரமான ரப்பரைப் பற்றி அறிய இந்நாட்டில் 1925ஆம் ஆண்டிலேயே ரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. எந்தக் கன்று அதிகப் பால் தரும், எந்தப் பருவத்தில் பட்டையைக் கீறிப் பால் வெட்டத் தொடங்கலாம் என்றெல்லாம் பல்லாண்டுகள் அளந்து எழுதி வைத்ததால்தான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இரகங்கள் தோட்டங்களுக்கு வந்தன. அது வீண்செலவு என்று எந்தத் தோட்டத் துரையும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த மரங்களில் பால் வெட்டிய தொழிலாளர்கள் லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு எங்கே போனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று தொடர்ந்து அளக்கச் சொன்னால் மட்டும் பணம் வீணாகிவிடுகிறது.

அளவு பிழைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016இல் நாட்டின் வறுமை 0.4 விழுக்காடு என்றார்கள். குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்ற பழைய வறுமைக் கோட்டை வைத்துப் போட்ட கணக்கு அது. 2019இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து அது பொருந்தாது என்றபோது மறுத்தார்கள். மறு ஆண்டே கோட்டை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். புதிய முறையில் அதே 2016க்கு வறுமை 7.6 விழுக்காடு. அதுவரை ஏழையென்று கணக்கில் வராதவர்களுக்குக் கிடைக்காமற்போன உதவியை இனி யார் தருவார்?

வீடு வீடாக ஆய்வுக்கான கேள்விப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று மேடையில் கிண்டலடிக்கப்பட்டவர்களில் ஒருத்தி என் அக்காள் மகள். மலிவு விலை வீடொன்றில் அவள் கேட்டதை நான் உடனிருந்து கேட்டேன்: "பாட்டி, ஒரே சமையலா, தனித்தனியா?" பாட்டி பின்பக்கத்தைக் காட்டினார். மூத்த மருமகளின் அடுப்பு ஜன்னலோரம். இளையவளுடையது குளியலறைக் கதவை ஒட்டி. வீட்டு எண் ஒன்று, குடும்பம் இரண்டு. பிரமுகரின் பட்டியலில் அந்த வீட்டுக்கு ஒரே பைதான்.

அறிக்கைகள் அலமாரியில் தூங்கும் என்பீர்கள். சில தூங்குகின்றன, மறுக்கவில்லை. ஹஜ் பயணிகளின் சேமிப்பைப் பற்றி பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் 1959இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை தூங்கவில்லையே, அதிலிருந்துதானே ஹஜ் சேமிப்பு நிறுவனமான தாபோங் ஹாஜி பிறந்தது! அடையாள அட்டை எண்ணைக் கொடுக்கப் பயம் என்பது நியாயம். அதற்குச் சட்டப் பாதுகாப்பைக் கேளுங்கள். தனியார் அமைப்புகள் செய்யட்டும் என்போருக்கு என்ன சொல்வது? நாடு முழுவதும் கதவு தட்டிக் கணக்கெடுக்க எந்த அமைப்பிடம் ஆளும் பணமும் அதிகாரமும் இருக்கின்றன?

எனக்கு இதில் சொந்த வருத்தமும் உண்டு. எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது மாற்று வீடு கேட்டு மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: வெளியேறிய குடும்பங்கள் எத்தனை, ஆதாரம் எங்கே? தோட்டக் கணக்கரான கிராணி விட்டுச்சென்ற செக்ரோல் எனும் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டின் கிழிந்த பக்கங்களைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை. மனு திரும்பி வந்தது. அந்த வாரமும் ஒரு பெரிய மனிதர் வந்து அரிசிப் பை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அம்மா அதை வாங்கப் போகவில்லை.

அக்காள் மகளும் அவளுடைய தோழிகளும் இந்தச் சனிக்கிழமை சந்தைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளுக்கு வருகிறார்கள். கதவைத் திறந்து பதில் சொல்லுங்கள். சம்பளத்தைக் கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டாரிடம் யாரும் போய்ச் சொல்லப்போவதில்லை.