கடிக்காதே என்று சொல்ல அதன் அம்மா இங்கே இல்லை

போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒருவர் தன் இரண்டு மாத நாய்க்குட்டியின் மூக்கிலே செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார். ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "கையைக் கடிக்கிறதம்மா. ஐந்தில் வளைக்காவிட்டால் அப்புறம் வளையுமா?" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போதுதான் வரிசையாக வந்தது. அதைத்தான் எழுதுகிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் செவலைக்கு இப்போது ஏழு மாதம். சிப்பிப்பாறை என்ற நாட்டு நாய் இனத்துக் குட்டி. வாங்கும்போது வயது 35 நாள். "இப்போதே கொண்டுபோனால்தான் வீட்டோடு ஒட்டும்" என்றார் விற்றவர். நானும் தலையாட்டிவிட்டுத் துணிப்பையில் போட்டுத் தூக்கி வந்தேன். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விற்றவரைக் குறை சொல்லி என்ன, பணம் கொடுத்தவள் நான்.

அந்த மிச்ச மூன்று வாரத்தில் அப்படி என்ன இருக்கிறது? விளையாட்டு இருக்கிறது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும்போது, ஒன்று மற்றதன் காதை அழுத்திக் கடித்தால் கடிபட்டது வீலென்று கத்திவிட்டு ஆட்டத்தை விட்டுப் போய்விடும். ஊசிப்பல் மடியில் குத்தினால் தாய் எழுந்து நகர்ந்துவிடுவாள், பால் அதோடு நின்றுவிடும். யாரும் அடிப்பதில்லை. இவ்வளவு அழுத்தினால் ஆட்டம் முடிந்துவிடும் என்ற கணக்கைக் குட்டி தன் வாயாலேயே படித்துக்கொள்கிறது. கால்நடை மருத்துவர் இயான் டன்பார் பல ஆண்டுகளாக இதைத்தான் வலியுறுத்தி வருகிறார்: முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்கப் பழக்குங்கள், எண்ணிக்கையை அப்புறம் குறைக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்து வந்தது நாம். பாடம் தெரியவில்லை என்று செருப்பை எடுப்பதும் நாம்தான்.

நானும் யோக்கியமில்லை. முதல் வாரம் மூக்கில் தட்டினேன். அடுத்த முறை கையை நீட்டியபோது பின்னால் பதுங்கி, பிறகு பாய்ந்து கடித்தது. தடவ வந்த கையும் அடிக்க வந்த கையும் அதற்கு ஒன்றாகிவிட்டன. யாரோ சொன்னார்கள் என்று கையில் வேப்பெண்ணெய் தடவினேன். அதை நக்கிவிட்டு மறுபடியும் கடித்தது. குட்டிகளைப் போலவே "ஆ" என்று கத்திப் பாருங்கள் என்றார்கள். சில குட்டிகள் அதில் அடங்குமாம். இதுவோ முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். என் கீச்சுக்குரல் அதற்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

கடைசியில் பலித்தது, மரம்போல் நிற்பது. பல் அழுந்தியதா, கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுத்தால் அது இரை. பேசாமல், பார்க்காமல் நின்றுவிட வேண்டும். விடவில்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபது எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டும். அதாவது மடியை விலக்கிக்கொண்டு போன அந்தத் தாய் செய்ததையேதான் நானும் செய்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு முறுக்கிய துணியோ பொம்மையோ இருக்க வேண்டும், கடிப்பதற்கு ஏதாவது வேண்டுமே. பழைய செருப்பைக் கொடுத்துவிடாதீர்கள். புதுச் செருப்புக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது.

ஒரு நாளைக்கு முப்பது தடவை மரமாக நிற்பது லேசில்லை. அதைவிடக் கடினம் வீட்டு மனிதர்களைப் பழக்குவது. என் கொழுந்தனார் வந்தால் "உஸ்... பிடி, பிடி" என்று கையை ஆட்டி உசுப்பேற்றுவார். கடித்தால்தான் காவல் நாயாம். நான் பத்து நாளாகக் கட்டியதை அவர் பத்து நிமிடத்தில் இடித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். ஒன்பது வயது மகள் பாவாடை பறக்க ஓடுவாள். செவலையின் கண்ணுக்கு அது முயல். அவளை நிற்கச் சொல்லிப் பழக்க இரண்டு வாரம் ஆயிற்று, கொழுந்தனார் இன்னும் பழகவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கடிபட்ட நேரத்தையெல்லாம் நாட்காட்டித் தாளின் பின்னால் குறித்துவைத்தேன். பெரும்பாலும் மாலை ஆறு மணியை ஒட்டியே வந்தது. வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்து, ஆளாளுக்குக் குட்டியைக் கொஞ்சும் நேரம். அந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். இது தூக்கம் கெட்டுச் சிணுங்கும் கைக்குழந்தையின் கதைதான். ஐந்தரைக்கே இருட்டறையில் படுக்கப் போட்டேன். கடி பாதியாகக் குறைந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஒரு நாள் மகளின் விரலில் பல் பட்டுத் தோல் கீறிவிட்டது. "குட்டிதானே அக்கா, பால்பல்தானே" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். வெறிநோய்க்குப் பால்பல் என்ற கணக்கெல்லாம் கிடையாது. குட்டிக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள், அன்று செவலைக்கு இரண்டு மாதம். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அன்றும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி. இலவசம். மகள் அழுதாள், மூன்றாம் தடவை அழவில்லை.

நான்கு மாதம் நெருங்கும்போது பால்பற்கள் விழத் தொடங்கின. ஈறு அரித்து நாற்காலிக் கால், கதவு விளிம்பு எல்லாம் போயிற்று. ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன், கேரட்டும் கொடுத்தேன். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். 28 பால்பல் போய் இப்போது 42 பல் இருக்கிறது. அந்த வாய்க்குள் நேற்று மகள் கைவிட்டு மாங்கொட்டையைப் பிடுங்கினாள். பல் அவள் கையில் பட்டது. அழுந்தவில்லை.

விழுந்த பால்பற்களில் ஒன்று பாயில் கிடந்தது, அரிசிமணி அளவுதான். மகள் அதை வத்திப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். சாணியில் உருட்டிக் கூரையில் எறிந்தால்தான் நல்ல பல் முளைக்கும் என்கிறார் என் அம்மா. அதெல்லாம் முளைத்து முடிந்துவிட்டது அம்மா என்றால் கேட்பதாயில்லை, நாளை சாணிக்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறார்.