அன்லாக் செய்த போன் எல்லா நெட்வொர்க்கிலும் இயங்குமா?

“அன்லாக் செய்த போனில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் வேலை செய்யும்” என்ற தகவல் பரவி வருகிறது. பாதிதான் உண்மை. அன்லாக் என்பது, ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கவைக்கும் மென்பொருள் பூட்டைத் திறப்பது மட்டுமே. போனில் இல்லாத அலைவரிசையை (பேண்ட்) அது கொண்டுவந்து சேர்க்காது. 4ஜி பேண்ட் 3 என்பது 1800 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 28 என்பது 700. சுவரைத் தாண்டி உள்ளே வருவதில் 700 கெட்டிக்காரன். அது இல்லாத போன் தெருவில் பேசும், வீட்டுக்குள் திணறலாம். ஒரே பெயரில் விற்கும் போன்கூட நாட்டுக்கு நாடு வேறு பேண்டுகளோடு வருவதுண்டு. விளம்பரத்தை விடுங்கள், மாடல் எண்ணைப் பாருங்கள். 2ஜி, 3ஜி இரண்டும் நிறுத்தப்பட்ட இடங்களில், 4ஜி வழியாகப் பேச உதவும் வோல்டிஇ வசதியை நெட்வொர்க் நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இணையம் ஓடினாலும் சாதாரண அழைப்பு போகாது.