பாட்டிகளின் நினைவாற்றலைப் புகழ்கிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளியைப் பாதிப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள். கவிதை வாசித்த அந்தப் பெண் செல்பேசியைப் பார்த்தது குற்றமாம். “எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிகள் ஆயிரம் பாட்டை மனப்பாடமாகச் சொன்னார்கள், உங்களுக்குச் சொந்த வரியே நினைவில்லை” என்றார் தலைமை வகித்தவர். கைதட்டல் வேறு. அவரே தாளைப் பார்த்துத்தான் பேசினார் என்பது யார் கண்ணிலும் படவில்லை. தாள் என்றால் பண்பாடு, திரை என்றால் சீரழிவு!

அந்தப் பாட்டிகளுக்கு ஏன் எழுதத் தெரியாமல் போயிற்று என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கொடுக்கல் வாங்கல், மருந்து வேளை எல்லாம் தலைக்குள்தான். பார்த்தவர்கள் வியந்தார்கள். இரவில் அவர் உதடசைத்துக் கணக்கை ஒப்பித்துக்கொண்டே தூங்காமல் கிடந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். திருப்பிக் கொடுத்த கடனைக் கொடுக்கவே இல்லை என்று ஒருவர் ஒருநாள் சாதித்தார். அவரிடம் நோட்டு இருந்தது, அம்மாவிடம் நினைவு இருந்தது. எது வென்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் வரம் என்று புகழ்வது அவருக்கு வேறு வழியில்லாமல் வந்த சுமை.

“சாக்ரடீஸே எழுத்து மறதியை வளர்க்கும் என்றாரே” என்கிறார் ஒருவர். சொன்னார். அவர் மாணவர் பிளேட்டோ அதை எழுதிவைத்தார். நீங்கள் அதைச் செல்பேசியில் படித்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மேலே போகலாம்.

திரை நினைவைக் கெடுக்கிறது என்று ஆய்வுகளைக் காட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். 2011இல் உளவியலாளர் பெட்ஸி ஸ்பாரோ குழுவினர் கண்டது உண்மைதான். தாங்கள் தட்டச்சு செய்ததைக் கணினி சேமித்துவைக்கும் என்று நம்பியவர்கள் அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் செய்தியைவிட, அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. இந்தப் பாதியை யாரும் பகிர்வதில்லை. எழுத்தறியாதவர்களின் நினைவு எல்லா வகையிலும் கூர்மையானது என்பதும் கதைதான். 1998இல் நரம்பியலாளர் காஸ்ட்ரோ-கால்டாஸ் குழு போர்ச்சுகல் நாட்டவரிடம் செய்த ஆய்வில், பொருளற்ற புதுச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல எழுத்தறியாதவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். 1930களில் வாய்மொழிக் காவியங்களை ஆராய்ந்த மில்மன் பாரி யூகோஸ்லாவியாவில் பதிவுசெய்த, பெரும்பாலும் எழுத்தறியாத கதைப்பாடகர்களும் ஒரே பாட்டை ஒவ்வொரு முறையும் சொல் மாற்றித்தான் பாடினார்கள். ‘மனப்பாடம்’ என்று நீங்கள் கற்பனை செய்வது அங்கேயும் இல்லை.

குழந்தைகள் எதையும் மனப்பாடம் செய்யவே வேண்டாமா? செய்யட்டும். வாய்ப்பாடும் பாட்டும் நெஞ்சில் இருப்பது நல்லதுதான். வேண்டாமென்று நான் எங்கே சொன்னேன்?

எழுத்தறியாமைக்கு இப்படி மாலை போடுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் பேத்தியைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தயார்? “ஞாபகசக்தி வளரும், வீட்டிலேயே இரு” என்று சொல்லிப் பாருங்களேன். மாட்டீர்கள். அந்தப் பெருமையெல்லாம் படிக்க முடியாமல் போன அடுத்தவர் வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான்.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: ஆம், படுகிறேன். அந்தக் கடனை நாங்கள் இரண்டாம் முறையும் கட்டினோம்.