க்வாய் பாலத்தில் நம் ஆட்கள் எங்கே?

டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) மகத்தான படம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, ரயில் பாலம் கட்டும் முகாமுக்கு வரும் பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ். சிறைப்பட்ட அதிகாரிகளைக் கூலி வேலை வாங்கக் கூடாது என்று, போர்க்கைதிகளை நடத்தும் விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். ஜப்பானிய முகாம் தலைவன் சைட்டோ அதே புத்தகத்தால் அவர் முகத்தில் அறைவான். அடி வாங்கியும் அசையாமல் நிற்பார் மனிதர். எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

வயிறு எரிவதும் அதே இடத்தில்தான். அந்தப் பாலம், ஜப்பானியர்கள் நிஜமாகவே போட வைத்த சயாம்-பர்மா ரயில் பாதையின் கதை. அந்தப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு எடுத்து நீட்ட ஒரு புத்தகமும் இல்லை.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். செத்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவுக்கு. அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை, 90,000 வரை சொல்கிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம்.

தோட்டத்தில் வேலையும் அரிசியும் அற்றுப்போன நேரம் அது. முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள், பிறகு ஆளைப் பிடித்தே ஏற்றினார்கள். பான் போங் வரை சரக்குப் பெட்டி. அதற்கப்புறம் காட்டுக்குள் நடை. 1943 மழையில் காலரா வந்தது. கைதிகள் முகாமில் கூடவே சிறைப்பட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடவிடவில்லை. செத்தவன் பெயரையாவது எழுதிக்கொள்ள அதிகாரி இருந்தார். நம் ஆட்களின் குடிசைகளில் எடுத்துச் சொல்ல நாதியில்லை. கொத்துக் கொத்தாகப் போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த வரிசைகள் உண்டு. இவர்களைக் குழி வெட்டி மொத்தமாகத் தள்ளினார்கள்.

படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். ஏழு ஆஸ்கார். அத்தனை பெரிய திரையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் கதைக்கு இடமில்லை.

ஒரே படத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பது நியாயம்தான். அவர்கள் தங்கள் கர்னலின் கதையைச் சொன்னார்கள். நம் கதையை நாம்தான் எடுக்க வேண்டும். தமிழில் நாவல் வந்திருக்கிறது, ஆவணப்படமும் வந்திருக்கிறது. எனக்கு முழுநீளத் திரைப்படம் வேண்டும். வீரவசனம் பேசும் கதாநாயகன் வேண்டாம். புருஷனை ஏற்றிக்கொண்டு போன பிறகு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிள்ளைகளுக்கு மரவள்ளி அவித்துப் போட்டவளும் அந்தப் படத்தில் இருக்க வேண்டும். எடுக்க நினைப்பவர்கள் முதலில் முதியவர்களைத் தேடிப் போங்கள். அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது.