ரெண்டு சுழி தெரிஞ்சா ரெண்டும் சேந்துடும்னு யாருங்க சொன்னது?

அந்த வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க, லிங்க் போட மாட்டேன், அதுக்கு இன்னும் நாலு வியூ எதுக்கு. விண்டிங்கற காத்து மேப் ஆப்புல பக்கத்து பக்கத்துல ரெண்டு சுழி, கீழ சிவப்பு எழுத்துல "ரெண்டும் ஒண்ணாகி ராட்சசப் புயல்". நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு ஊர்லேர்ந்து அம்மா போன். ரேஷன் கார்டு, பட்டா, அப்பாவோட டெத் சர்டிபிகேட் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு அரிசி டின்னுக்குள்ள வச்சுட்டு தூங்காம உக்காந்திருக்காங்க. "தம்பி, ரெண்டும் சேருதாமே"ங்கறாங்க. வேதாரண்யம் பக்கம் எங்க ஊரு. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜாவை முழுசா பாத்த மனுஷி அவங்க. அவங்க போனுக்கு இப்படி ஒரு வீடியோ வரலாமா?

பக்கத்து பக்கத்துல சுழி வர்றது அதிசயமே இல்லங்க. ஐப்பசி கார்த்திகையில வடக்கேர்ந்து வாடைக்காத்து இறங்கும், பூமத்திய ரேகைப் பக்கம் மேக்குக் காத்து ஓடும், ரெண்டும் எதிரெதிரா உரசுற எடத்துல நடுவுல இருக்கற காத்து உருளும். கொழுக்கட்டை மாவை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு ஒரு கையை முன்னாடி ஒரு கையைப் பின்னாடி தேய்ச்சா மாவு உருளுமே, அதேதான். மாவு ரொம்ப நீண்டுட்டா அங்கங்க மெலிஞ்சு துண்டு துண்டா வந்துடும். காத்துப் பட்டையும் அப்படித்தான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே சீரா நிக்காது, நெளியும், நெளிஞ்ச எடத்துல சுழி சுழியா பிரியும். இதுல சுமத்ரா மலை வேற, அதுல மோதுற காத்து தீவோட ரெண்டு முனையையும் சுத்தி வந்து, மதகுத் தூணுக்குப் பின்னாடி ஆத்துல சுழி விழுமே அந்த மாதிரி வடக்க ஒண்ணு தெக்க ஒண்ணு விடும். நியூஸ்ல தினம் "வளிமண்டல மேலடுக்கு சுழற்சி"ன்னு வாசிக்கறது இதெல்லாம்தான். சூடான கடலும் இடிமேகமும் கூடி வர்ற சுழி வளரும், மத்ததெல்லாம் ரெண்டு மூணு நாள்ல கரைஞ்சுடும். ரெண்டு சுழி பக்கத்துல இருக்குன்னா பெரும்பாலும் ரெண்டும் ஒரே பட்டையில பொறந்ததுங்க, அவ்வளவுதான். சேரப்போகுதுன்னு அதுல எங்க இருக்கு?

2022 மே மாசம் நம்ம பக்கம் அசானி புயல், பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் கரீம் புயல். ஒண்ணு இடமா சுத்துது, ஒண்ணு வலமா சுத்துது, எப்படிச் சேரும்? 2024 நவம்பர்ல மேற்கு பசிபிக்ல ஒரே நேரத்துல நாலு புயல், 1951லேர்ந்து இருக்கற ஜப்பான் கணக்குல நவம்பர் மாசத்துக்கு அதுதான் முதல் தடவை. நாலும் தனித்தனியாத்தான் போச்சு.

"அப்ப சேரவே சேராதா, புஜிவாரா விளைவு தெரியாதா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. தெரியும் சார். புஜிவாரான்னு ஜப்பான் விஞ்ஞானி 1921லயே எழுதினது. சுமாரா 1,400 கிலோமீட்டருக்குள்ள வந்தா ரெண்டு புயல் ஒண்ணையொண்ணு சுத்த ஆரம்பிக்கலாம், சில சமயம் பெருசு சின்னதை இழுத்துக்கும். 2021 ஏப்ரல்ல ஆஸ்திரேலியாவுக்கு மேக்கால ஒடெட் புயல் செரோஜா புயலைச் சுத்திப் போய் அதுக்குள்ளயே கரைஞ்சுது. ஆனா ஒண்ணும் ஒண்ணும் சேந்து ரெட்டிப்பு பலம்னு ஒரு கணக்கு கிடையாது. புயலுக்குச் சாப்பாடு கடல் சூடு. பக்கத்துல இன்னொரு புயல் இருந்தா பல நேரம் அதோட உச்சியிலேர்ந்து பரவுற காத்தே இதைக் கலைச்சுவிடும்.

"எச்சரிக்கை பண்ணினா தப்பா"ன்னு இன்னொருத்தர். எது சார் எச்சரிக்கை? எந்த ஊருக்கு, எந்த தேதி, எவ்வளவு காத்து, எவ்வளவு மழை, ஒரு வார்த்தை இருந்துச்சா அதுல? இதைத்தான் கமெண்ட்ல பொறுமையா எழுதினேன், "நீ என்ன வானிலை ஆய்வு மையமா"ன்னு கேட்டு அதுக்கு நூறு சிரிப்பு ரியாக்ஷன். வலிச்சுது.

2025 நவம்பர்ல மலாக்கா ஜலசந்தியில சென்யார் புயல், இலங்கை மேல டிட்வா புயல். அப்பவும் "ஒண்ணாகுது"ன்னு பார்வர்டு வந்துச்சு. நடுவுல 1,500 கிலோமீட்டருக்கு மேல தூரம், சேரலை. சேராமலே ரெண்டும் தனித்தனியா நூத்துக்கணக்கான உயிரை எடுத்துச்சு. மனுஷனைக் கொல்ல ராட்சசப் புயலே தேவையில்லங்க, மலைச்சரிவுல விடாம கொட்டுற மழை போதும்.

கஜாவுக்கு முன்னாடியும் எங்க பெரியப்பாவுக்கு இப்படி வரிசையா பார்வர்டு வந்துக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணும் நடக்கலை. அதனால நிஜ எச்சரிக்கை வந்தப்ப "இவனுங்க எப்பவும் இப்படித்தான்"னு தோப்பு வீட்டுலயே படுத்துட்டாரு. விடியறப்ப ஓடு ஒண்ணுகூட இல்ல, கட்டிலுக்கு அடியில காலைக் கட்டிக்கிட்டுக் கெடந்தாரு, தோப்புல அறுபது தென்னை ஒரே பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. உயிரோட இருந்ததே பெருசு. அந்தப் பார்வர்டு எழுதினவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அவனுக்கும் எங்க பெரியப்பாவைத் தெரியாது.

காலையில அம்மாவை வீடியோ கால்ல கூப்பிட்டு மேப்பைக் காட்டி அரை மணி நேரம் சொன்னேன், கொழுக்கட்டை மாவு உட்பட. எல்லாத்தையும் கேட்டாங்க. "சரி தம்பி, புரியுது. கவர் டின்னுக்குள்ளயே இருக்கட்டும்"னுட்டாங்க.