பார்ஜெல்லோவில் சிறையைக் காணோம்

ஃபுளோரன்ஸ் போகிறவர்கள் மைக்கேலாஞ்சலோவின் தாவீதைப் பார்க்க அக்காதெமியா வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். நிற்கட்டும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பார்ஜெல்லோ என்ற பழைய அரண்மனை வரும். கூட்டம் குறைவு. தொனாத்தெல்லோ வெண்கலத்தில் வார்த்த தாவீது அங்கேதான் இருக்கிறான். தொப்பியும் பூட்ஸும் தவிர உடம்பில் ஒன்றுமில்லாமல், கோலியாத்தின் தலையில் கால் வைத்தபடி. எனக்கு இவனைத்தான் அதிகம் பிடிக்கும்.

ஆனால் இந்தப் பதிவு சிற்பங்களைப் பற்றி அல்ல, கட்டடத்தைப் பற்றி.

1255-ல் கட்டத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே நகரத்தின் பொதெஸ்தாவுக்கு இருப்பிடமானது. நீதிபதி, போலீஸ், நிர்வாகி எல்லாம் ஒரே ஆளாக இருந்தால் அவர்தான் பொதெஸ்தா. உள்ளூர்க்காரருக்கு இந்தப் பதவியைத் தரமாட்டார்கள். ஏதாவது ஒரு குடும்பத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்ற பயம். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்து, கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். முற்றத்துச் சுவர்களில் அப்படி வந்துபோனவர்களின் கற்சின்னங்கள் நிறைய இருக்கின்றன.

குபியோவிலிருந்து அப்படி வந்த கான்தே கப்ரியெல்லிதான் 1302 ஜனவரியில், நகரப் பதவியிலிருந்தபோது ஊழல் செய்தார் என்று சொல்லிக் கவிஞர் தாந்தேயை ஊரைவிட்டு விலக்கினார். மார்ச்சில் தண்டனை இன்னும் கடுமையானது: ஃபுளோரன்ஸ் கையில் சிக்கினால் உயிரோடு எரிக்கவேண்டும். தாந்தே திரும்பி வரவேயில்லை. 1321-ல் ரவென்னாவில் இறந்தார்.

இதில்தான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். அவர் இறந்து இருபது வருடம்கூட ஆகவில்லை, இதே அரண்மனையின் சிற்றாலயத்தில் ஜோட்டோவும் அவருடைய பட்டறையும் வரைந்த சொர்க்கத்தில், நல்லவர்கள் கூட்டத்தில் ஒருவராகத் தாந்தே நிற்கிறார். மரண தண்டனை பெற்றவர்களைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து வைத்த ஆலயம் அது. எரிக்கச் சொன்ன ஊர், சாகப் போகிறவனுக்கு ஆறுதல் காட்டும் சுவரில் அவரையே வரைந்து வைத்தது! பிறகு அதன்மேல் சுண்ணாம்பும் அடித்தது. 1840-ல் சுண்ணாம்பைச் சுரண்டியபோது, கண் இருந்த இடத்தில் ஓர் ஆணி. அதைப் பிடுங்கியதில் கண்ணும் போய்விட்டது. அந்தத் தண்டனையை ரத்து செய்து நகர மன்றம் தீர்மானம் போட்டதோ 2008-ல். 706 வருடம்! அரசாங்கக் கோப்பு நகரும் வேகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சரி, ஆணி ஏன் வந்தது? 1574-ல், ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தார் இந்த மாளிகையைப் போலீஸ் தலைவரிடம் கொடுத்தார்கள். அந்தப் பதவியின் பெயர்தான் பார்ஜெல்லோ. வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கூடங்களைத் தடுத்துக் கொட்டடிகளாக்கினார்கள். சிற்றாலயம் சாமான் அறையானது. ஏறக்குறைய 280 வருடம் இது சிறை. முற்றத்திலேயே தலைகள் விழுந்தன. 1786-ல் பெரும்பிரபு பியத்ரோ லியோபோல்தோ மரண தண்டனையை ஒழித்தபோது, சித்திரவதைக் கருவிகளை அதே முற்றத்தில் போட்டு எரித்தார்கள்.

கைதிகளை 1850களின் கடைசியில் முராத்தே என்ற பழைய கன்னிமடத்துக்கு மாற்றினார்கள். (அந்த முராத்தேயும் 1980கள் வரை சிறையாக இருந்துவிட்டு இப்போது வீடுகளும் கலை நிகழ்ச்சிகளுமாக இருக்கிறது.) அப்புறம் இங்கே பழுதுபார்ப்பு. தடுப்புச் சுவர்களையெல்லாம் இடித்துத் தள்ளினார்கள். 1865-ல், தாந்தே பிறந்த 600-வது ஆண்டில், அருங்காட்சியகம் திறந்தது. நாம் 'ஆகா, இடைக்காலம்!' என்று அண்ணாந்து பார்க்கும் சுவர் அலங்காரங்களில் பல, அந்தப் பழுதுபார்ப்பின்போது கயத்தானோ பியாங்கி புதிதாக வரைந்தவை.

என் சண்டை இந்த இடத்தில்தான். இத்தாலி அப்போதுதான் ஒரு நாடாகியிருந்தது. அதே 1865-ல் ஃபுளோரன்ஸ் அதன் தலைநகரும் ஆனது. ஃபுளோரன்ஸின் பழைய குடியரசுக் காலப் பெருமை தேவைப்பட்டது, சிறை தேவைப்படவில்லை. அதனால் 13-ம் நூற்றாண்டை மீட்கிறோம் என்று சொல்லி நடுவில் இருந்த மூன்று நூற்றாண்டைத் துடைத்துவிட்டார்கள். தொனாத்தெல்லோவின் கூடத்தைக் கொட்டடியாகவே விட்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த உயரமும் வெளிச்சமும் அவருக்குத்தான் பொருந்தும். அடைத்த வளைவு ஒன்றையாவது அப்படியே விட்டிருக்கலாம்.

1479 டிசம்பரில் பெர்னார்தோ பாரொன்செல்லியை இந்தக் கட்டடத்தின் ஜன்னலில் தூக்கிலிட்டார்கள். ஜூலியானோ மெதிச்சியைக் கொன்றவன். கான்ஸ்டான்டிநோபிள் வரை ஓடியும் சுல்தான் பிடித்து அனுப்பிவிட்டார். தொங்கும் உடலைப் பார்த்து 27 வயது லியனார்டோ டா வின்சி படம் வரைந்தார். பக்கத்தில் குறிப்பும் எழுதினார்: தொப்பி என்ன நிறம், அங்கி நீலம், உள்ளே நரி ரோமம், காலுறை கறுப்பு. துணிக்கடைப் பட்டியல் மாதிரி.

அந்தப் படம் இன்று பிரான்சில், பயோன் நகரில் இருக்கிறது. எந்த ஜன்னலாக இருக்கும் என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவர் தோளைத் தட்டினார். அக்காதெமியாவுக்கு முன்பதிவு செய்த நேரமாகிவிட்டதாம்.