சங்கம் வாட்ஸ்அப்ல இருந்து இறங்கி லைனுக்கு வரணும்

கொரோனா அவசரநிலை முடிஞ்சதுன்னு உலக சுகாதார அமைப்பு 2023 மே 5-ஆம் தேதியே சொல்லியாச்சு. மேனேஜ்மென்ட் அதுக்கும் முன்னாடியே எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டாங்க, டார்கெட் வந்துடுச்சு, ஓவர்டைம் வந்துடுச்சு, கைரேகை பஞ்ச் வந்துடுச்சு, கஸ்டமர் ஆடிட் வந்துடுச்சு, தொழிற்சங்க நிர்வாகி ஷாப் ஃப்ளோருக்குள்ள, அதாவது மெஷின் ஓடற இடத்துக்குள்ள, வர்றதுக்கு மட்டும் பல இடத்துல இன்னும் கோவிட் புரோட்டோகாலாம்! இதுல கொடுமை என்னன்னா நம்ம நிர்வாகிங்க கொஞ்ச பேருக்கே இது வசதியா போச்சு. ஜூம்ல ஒரு மீட்டிங், குரூப்ல ஒரு சுற்றறிக்கை, கீழ நாலு பேர் கட்டைவிரல் போட்டா அன்னிக்கு சங்க வேலை முடிஞ்சது.

2020-ல வேற வழி இல்ல. லாக்டவுன்ல சம்பளம் நின்னு போனவங்க லிஸ்ட்டை எடுக்க முடிஞ்சதே ஃபோனாலதான், அதை நான் குறை சொல்லல. ஆனா குரூப்ல என்ன வரும்? போனஸ் எப்போ, லீவு உண்டா, இவ்வளவுதான் வரும். எது வராதுங்கறதுதான் பிரச்சனை.

ஒரு நைட் ஷிஃப்ட்ல லைன் பக்கமா சும்மா நின்னு பேசிட்டு இருந்தேன். ஒரு மெஷின்ல பாதுகாப்புக் கதவு திறந்தே கிடக்கு, மெஷின் பாட்டுக்கு ஓடுது. குனிஞ்சு பார்த்தா சென்சார் மேல ஒரு உதிரி மேக்னட்டை வச்சு டேப் சுத்தியிருக்காங்க, கதவு மூடியிருக்குன்னு மெஷின் நம்பிட்டு இருக்கு, உள்ள கை போறது அதுக்குத் தெரியாது. எப்பலேருந்துடான்னு கேட்டா "ரொம்ப நாளாச்சுண்ணே, மூடி மூடித் திறந்தா கவுன்ட் வராது"ங்கறான். குரூப்ல ஏன் போடலன்னு கேட்டேன், சிரிக்கிறான். சூப்பர்வைசரோட மச்சானும் அதே குரூப்லதான் இருக்காராம், ஸ்க்ரீன்ஷாட் உடனே ஹெச்ஆர் டேபிளுக்குப் போயிடுமாம். அவன் சொன்னது நியாயம்தானே?

இன்னொன்னு, கொரோனா சமயத்துல வேலைக்குச் சேர்ந்த பசங்க. அவங்களுக்கு சங்கம்னா பே ஸ்லிப்ல பிடிக்கற ஒரு தொகை, நிர்வாகி மூஞ்சியே தெரியாது. காண்ட்ராக்ட் ஆளுங்க நிலைமை அதைவிட மோசம், அவங்க நம்பரே நம்மகிட்ட கிடையாது.

இப்பல்லாம் எல்லாமே ஆன்லைன் தோழர்னு சொல்றவங்க நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட்ல அமேசானோட ஜேஎஃப்கே8 கிடங்குல நடந்ததைக் கொஞ்சம் பாருங்க. அங்க சங்கம் கட்டின பசங்க டிக்டாக்கையும் விடல, இல்லன்னு சொல்லல, ஆனா ஆளைச் சேர்த்தது வெளிய பஸ் ஸ்டாப்ல கூடாரம் போட்டு, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவனுக்குச் சாப்பாடு குடுத்து, குளிர்ல நெருப்பு மூட்டி உக்காந்து பேசித்தான். டியூட்டி முன்னபின்ன 15 நிமிஷத்துக்கு மேல உள்ள இருக்கக் கூடாதுங்கற ரூலை 2021 டிசம்பர்ல அமெரிக்க அரசோட தொழிலாளர் வாரியத்தோட போட்ட செட்டில்மென்ட்ல கம்பெனி விட்டுக்குடுக்க வேண்டியதாச்சு, அப்புறம் பிரேக் ரூம்லயே உக்காந்து பேசினாங்க. சங்கம் வேணுமா வேணாமான்னு நடந்த ஓட்டை 2022 ஏப்ரல் 1-ல எண்ணி முடிச்சப்போ ஆதரவு 2,654, எதிர்ப்பு 2,131. ஜெயிச்ச பிறகும் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வராம இழுத்தடிச்சது தனிக்கதை.

உள்ள வர்றது என்னமோ நாம கேக்கற சலுகை மாதிரி ஹெச்ஆர் பேசுறாங்க. ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்போட 143-ஆம் பரிந்துரை 1971-லயே வந்தது. பிரதிநிதி வேலையைச் செய்யத் தேவைப்படற எல்லா பணியிடத்துக்கும் அவரை அனுமதிக்கணும்னு அதுல இருக்கு, அங்க வேலை செய்யாத சங்க நிர்வாகியா இருந்தாலும் உறுப்பினர் உள்ள இருந்தா அனுமதிக்கணும்னும் இருக்கு. பரிந்துரைதான், சட்டம் இல்ல, அதனால காட்டினாலும் சிரிச்சுட்டுப் போவாங்க.

அதனாலதான் அடுத்த ஒப்பந்தத்துல இதை எழுத்துல வாங்கணும்ங்கறேன். எந்தெந்த ஷிஃப்ட்ல வரலாம், எவ்வளவு நேரம், எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும், கூடவே ஒரு சூப்பர்வைசர் ஒட்டிக்கிட்டு வரக் கூடாது, காண்ட்ராக்ட் ஆளுங்ககிட்டயும் பேசலாம், எல்லாம் வரிவரியா வரணும். இவ்வளவு வருஷமா வாய்வார்த்தையா ஓடிட்டு இருந்ததாலதான் 2020-ல கேட்ல ஒரே ஒரு நோட்டீஸ் ஒட்டி நம்மள நிறுத்த முடிஞ்சது.